சாம்பார் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துவிட்டது: வெள்ளை வேட்டியைக் காப்பாற்ற முடியுமா?

வெண்பருத்தி:
வெள்ளைப் பருத்தி வேட்டி, எட்டு முழம், சரிகைக் கரை. மடியில் சாம்பார் கொட்டியதும் தண்ணீரில் அலசியாகிவிட்டது. பிறகு துணி சோப்பு தேய்த்தால், மஞ்சளாக இருந்த இடம் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. கறை நிரந்தரமாக ஏறிவிட்டதா? பிளீச்சிங் பவுடர் போட மனமில்லை. எலுமிச்சைச் சாறையும் சமையல் சோடாவையும் கலந்து பூசலாம் என்கிறார்கள், எந்த அளவில் கலப்பது? ஒரு பட்டுச் சேலையின் முந்தானையிலும் அதே சாம்பார் தெறித்திருக்கிறது.

சலவைக்கல்:
வேட்டி பிழைக்கும், கவலை வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா, உங்கள் வேட்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சோப்பு காரம். நிறம் மாறியதே தவிர கறை கெட்டிப்படவில்லை.

எலுமிச்சையையும் சோடாவையும் தயவுசெய்து ஒன்றாகக் கலக்காதீர்கள். பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் வேலை செய்வதுபோல் இருக்கும். நுரை அடங்கும்போது ஒன்றின் வலுவை மற்றது அழித்திருக்கும்.

குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தாளிப்பு எண்ணெய் நூலுக்குள் இருக்கும்வரை மஞ்சளும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் எண்ணெயை எடுங்கள். துணி காய்ந்திருந்தால் கறைமேல் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு அல்லது சோள மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். பிறகு பூந்திக்கொட்டை: விதை நீக்கிய ஆறு தோல்களை இரண்டு டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, கசக்கி வடிகட்டி, அந்த நுரையில் கறையை நனைத்துக் கால் மணி நேரம் வைக்கவும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் லேசான புளிப்புத்தன்மை உடையது, அதனால் மஞ்சள் சிவக்காது. சீயக்காய் வேண்டாம், வெள்ளைத் துணியில் பழுப்பு ஏற்றிவிடும். அலசும்போது கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். முன்பக்கம் விட்டால் உள்ளே தள்ளுகிறீர்கள்.

அடுத்து ஒரு எலுமிச்சைச் சாறுடன் அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கறைமேல் மட்டும் தடவி, இருபது நிமிடத்தில் நன்றாக அலசிவிடுங்கள். சிவப்பு போய் மஞ்சள் தெரியும், புளியின் பழுப்பும் குறையும்.

மிச்ச மஞ்சளை எடுப்பது வெயில்தான். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மிளகாயின் செந்நிறமும் அப்படியே. ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி விரித்துக் காலை பத்திலிருந்து மூன்று மணிவரை போடுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் போடுங்கள். கொடியில் மடித்துப் போட்டால் உள்மடிப்பில் இருக்கும் கறை அப்படியே தங்கிவிடும்.

போய்விட்டதா என்று பார்க்க ஒரு துளி சோப்புத் தண்ணீர் போதும். சிவந்தால் மஞ்சள் இன்னும் இருக்கிறது.

பட்டுநூல்:
மேலே சொன்னதில் பெரும்பகுதி பட்டுக்கு ஆகாது. பட்டு விலங்கு நூல், சமையல் சோடாவின் காரம் அதைச் சிதைக்கும். வெயில் பட்டால் வெண்பட்டு பழுக்கும், சாயப்பட்டு வெளுக்கும். எலுமிச்சையோ வினிகரோ சரிகையில் படக்கூடாது. செம்புக் கம்பியில் முலாம் பூசிய சரிகை புளிப்பால் நிறம் மாறும். உங்கள் வேட்டிக் கரைக்கும் இதே எச்சரிக்கை.

முந்தானையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். திப்பியைக் கரண்டி விளிம்பால் எடுத்து, அரிசி மாவைத் தூவி இரவு முழுக்க விட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்த இடம் மினுமினுப்பை இழந்து நார் எழும்பும். பிறகு டிரை கிளீனிங் கடையில் “சாம்பார், எண்ணெயும் மஞ்சளும்” என்று சொல்லிக் கொடுங்கள். எந்தக் கறை என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற கரைப்பானை எடுப்பார்கள்.

வெண்பருத்தி:
நன்றி. வேட்டியைப் பூந்திக்கொட்டையில் ஊற வைக்கப்போகிறேன். இங்கே இரண்டு நாளாக மேகமூட்டம். வெயில் வரும்வரை கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைக்கலாமா?

சலவைக்கல்:
இரண்டுமே வேண்டாம். கஞ்சி கறையை மூடி ஒட்டிக்கொள்ளும், சூடு மிச்ச எண்ணெயையும் புளியின் பழுப்பையும் நூலில் ஏற்றிவிடும். எலுமிச்சை சரியாக அலசப்படாமல் இருந்தாலும் இஸ்திரிச் சூட்டில் பருத்தி பழுத்து, அந்த இடம் வலுவிழக்கும். எண்ணெய் எடுத்து அலசியபின் கஞ்சியில்லாமல் நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். வெயில் வந்ததும் நனைத்து விரித்தால் போதும். மேகமூட்டத்திலும் முற்றத்தில் விரித்துப் போடலாம். நிறம் வெளுக்கும், ஆனால் அதிக நாள் எடுக்கும்.

பட்டுநூல்:
ஒன்று விட்டுப்போனது: சாம்பாரோடு பாயசமும் தெறித்திருந்தால் முதல் அலசலைக் குளிர்ந்த தண்ணீரில் செய்யுங்கள். வெந்நீரில் பாலின் புரதம் உறைந்து நூலோடு ஒட்டும். சர்க்கரை காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, இஸ்திரி வைத்ததும் பழுப்புத் திட்டாகத் தெரியும்.