சாக்லேட் சீரியல்: சர்க்கரைக் கணக்கும் நமுத்துப்போவதும்

கேள்வி: 5 வயதுக் குழந்தைக்குக் காலையில் சாக்லேட் சீரியல். சர்க்கரை எவ்வளவு சேருகிறது என்று எப்படிப் பார்ப்பது? பால் ஊற்றினால் உடனே கூழாகிறது, பாக்கெட்டும் நமுத்துவிடுகிறது.

பதில் 1: அட்டையின் முன்பக்க விளம்பரத்தை விடுங்கள். பின்பக்கத்தில் 100 கிராமுக்கான சர்க்கரை அளவைப் பாருங்கள். அது 30 கிராம் என்றால், 30 கிராம் சீரியலில் 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். கிண்ணம் நிறையக் கொட்டினால் 50 கிராம்கூடப் போகும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். பாலில் தனியாகச் சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

பதில் 2: சூடான பாலை மாவுச்சத்து வேகமாக உறிஞ்சும், அதனால்தான் கூழாகிறது. காய்ச்சி ஆறவைத்த குளிர்ந்த பால் 120 மில்லி முதலில், சீரியல் பிறகு. நமுத்ததை வெறும் வாணலியில் சிறுதீயில் 3 நிமிடம் கிளறி, நன்றாக ஆறியபின் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். தீ கூடினால் சர்க்கரைப் பூச்சு கருகிக் கசக்கும்.

பதில் 3: பாதிக்குப் பாதி இனிப்பில்லாத கார்ன்ஃபிளேக்ஸ் கலந்தால் சர்க்கரை ஏறக்குறைய பாதியாகும். சாக்லேட் வாசனைக்கு அரை டீஸ்பூன் கோகோ பொடி. குளிர்ந்த பாலில் நேரடியாகப் போட்டால் கட்டி கட்டும். ஒரு ஸ்பூன் வெந்நீரில் முதலில் குழைத்துக்கொள்ளுங்கள்.