உதவி: பிடிபி-11/23 ஆன் ஆகுது, ஆனா திரையில ஒண்ணுமே வரல

தெம்பனிஸ்_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். என் 11/23-ஐ (டெக் கம்பெனியோட பழைய கம்ப்யூட்டர்) ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, ஆனா டெர்மினல்ல அது கட்டளைக்கு ரெடின்னு காட்டுற @ குறி வரவே மாட்டேங்குது. கார்டெல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன், கேபிளும் மாத்திட்டேன். 5 வோல்ட் சரியா இருக்கு. பழைய ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமை இதைப் பார்க்கன்னே உட்லண்ட்ஸ்லேர்ந்து வர்றாங்க. எங்கே தேடணும்னு யாராவது சொல்லுங்க.

சாலிடர்கவி:
இவ்வளவு வைத்து எதுவும் சொல்ல முடியாது, குமரன். என்னென்ன கார்டுகள்? கைப்பிடியில் எம் என்று தொடங்கும் எண் இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள். எந்த வரிசையில் செருகியிருக்கிறீர்கள்? 12 வோல்ட் அளந்தீர்களா? டெர்மினல் என்றால் நிஜ டெர்மினலா, லேப்டாப்பா? லேப்டாப் என்றால் நடுவில் இருக்கும் யூஎஸ்பி அடாப்டர் ஆர்எஸ்-232 (பழைய கம்ப்யூட்டர்களின் சீரியல் இணைப்பு) வகையா, 3.3 வோல்ட் டிடிஎல் (சிப்கள் தங்களுக்குள் பேசும் சின்ன வோல்டேஜ்) வகையா? இரண்டாவது வகை என்றால் மெஷின் நன்றாக இருந்தாலும் திரை காலியாகத்தான் இருக்கும்.

ஜூரோங்வாசி:
தம்பி, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க! பவர் சப்ளையைத் திறந்து, மின்சாரம் உள்ளே நுழையிற இடத்துல மஞ்சள் கலர்ல, கண்ணாடி மாதிரி மேலுறை போட்ட கெப்பாசிட்டர் இருக்கான்னு பாருங்க. ரிஃபா கம்பெனி செஞ்சது. உள்ளே காகிதம். மேலுறையில மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்ததும் ஈரக்காத்து உள்ளே போயிடும். நம்ம ஊர் ஈரத்துல ஏர்கான் இல்லாத ஸ்டோர்ரூம்ல கிடந்த மெஷின்னா சந்தேகமே வேணாம். ஒருநாள் ‘படார்’னு வெடிச்சு வீடு முழுக்கப் புகை. அந்த நாத்தம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்ல ரெண்டு நாளைக்குப் போகாது. அதை மாத்தாம மெஷினைத் தொடாதீங்க. பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் ஒரேயடியா மாத்திடுங்க.

ஆக்டல்777:
ஸ்லாட் வரிசைதான் பிரச்சினைன்னு எனக்குத் தோணுது. எச்9270 பேக்பிளேன்ல (கார்டுகளைச் செருகுற பலகை) க்யூபஸ் (கார்டுகளை இணைக்கிற சிக்னல் கோடுகள்) பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். முதல் வரிசையில இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். அடுத்த வரிசையில முதல்ல வலது, அப்புறம்தான் இடது. ரெண்டு விளிம்பு உள்ள சின்ன கார்டுகளை இடது பக்கமே ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா அடுக்கினா நடுவுல ஓட்டை விழும். இன்டரப்ட் (கார்டு சிபியுவைக் கூப்பிடுறது), டிஎம்ஏ (கார்டு நேரா மெமரியைத் தொடுறது) அனுமதி சிக்னல் ரெண்டும் அந்த ஓட்டையைத் தாண்டிப் போகாது.

ரேக்மாஸ்டர்:
இந்தக் கேள்விக்கெல்லாம் டெக் நிறுவனம் நாற்பது வருடத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டது. மேனுவல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். வாங்கியதும் பிளக்கில் செருகிவிட்டு இங்கே ஓடிவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்னொன்று, 11/23 மினிகம்ப்யூட்டரே அல்ல. எஃப்-11 என்ற சிப்செட் வைத்த மைக்ரோ அது. 1976இல் வந்த பிடிபி-11/34 போல, கார்டு நிறைய டிடிஎல் எனும் சின்னச் சின்ன லாஜிக் சிப்கள் இருந்தால்தான் அது மினி.

தெம்பனிஸ்_குமரன்:
வேலையில இருந்தேன், மன்னிக்கணும். கார்டுகள்: எம்8186 (சிபியு), எம்8059 (மெமரி), எம்8043 (சீரியல்). மேலேர்ந்து கீழே இதே வரிசை, எல்லாம் இடது பக்கம். பேக்பிளேன் எச்9270-தான். லேப்டாப்தான், அடாப்டர் ஆர்எஸ்-232 வகை. 9600, 8 பிட், பாரிட்டி இல்லை. 12 வோல்ட்டும் சரியா இருக்கு.

ஜூரோங்வாசி அண்ணே, பழைய பவர் சப்ளையே எங்கிட்ட இல்ல. பேக்பிளேனும் கார்டுகளும் மட்டும்தான் கிடைச்சுது. பெட்டியும் இல்ல, முன்பக்க பேனலும் இல்ல. அலுமினிய சட்டத்துல பொருத்தி, சிம் லிம் டவர்ல வாங்கின புது சப்ளையில ஓட்டுறேன். ஒரு விஷயம், எப்பவாவது ஆன் பண்ணின உடனே ஒரே ஒரு கோணல் எழுத்து வந்து நிக்குது. எல்லா தடவையும் இல்ல.

சாலிடர்கவி:
இதுதான் தேவைப்பட்ட தகவல்! புது சப்ளை என்றால் கேள்வியே வேறு.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்துக்கொண்டு பேக்பிளேனில் மூன்று இடம் அளந்து சொல்லுங்கள். ஏஏ2-வில் 5 வோல்ட் (4.75-க்குக் கீழே போகக் கூடாது, சப்ளையின் முனையில் இல்லை, பேக்பிளேனில்). ஏடி2-வில் 12. கடைசியாக பிஏ1, அதுதான் டிசிஓகே, வோல்டேஜ் நிலைத்துவிட்டது என்று சிபியுவுக்குச் சொல்லும் கோடு.

பின்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால்: முதல் எழுத்து கார்டின் எந்த விளிம்பு, இரண்டாவது எழுத்து அதில் எத்தனையாவது பின், கடைசியில் 1 என்றால் பாகங்கள் இருக்கும் பக்கம், 2 என்றால் சாலிடர் பக்கம். எண்ணும்போது ஜி, ஐ, ஓ, க்யூ ஆகிய நான்கு எழுத்துகளை விட்டுவிடுங்கள். டெக் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. எஃபுக்கு அடுத்தது எச். ஒரு பின் தவறினாலும் 12 வோல்ட்டை லாஜிக் கோட்டில் தொட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

ஜூரோங்வாசி:
புது சப்ளைன்னாலும் கார்டுல இருக்கிற டேன்டலம் கெப்பாசிட்டர்களைப் பாருங்க. 12 வோல்ட் கோட்டுல இருக்கிறது ஷார்ட் ஆகும்.

சாலிடர்கவி:
ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டாதே, அண்ணே.

தோபாயோ_தாத்தா:
குமரன், கார்டு துடைச்சதா சொன்னீங்களே, எதால துடைச்சீங்க? ரப்பர் வச்சுத் தேய்க்காதீங்க. விளிம்புல இருக்கிற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, ரப்பர் அதைச் சுரண்டிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச துணி போதும். துணியில கறுப்பு வரலைன்னா விட்டுடுங்க.

ரேக்மாஸ்டர் தம்பி மினி, மைக்ரோன்னு பிரிக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். 1979ல 11/23 வந்தப்ப அதே கட்டளைத் தொகுப்பு, அதே ஆர்டி-11, ஆர்எஸ்எக்ஸ்-11எம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் அதுல ஓடிச்சு. தொழிற்சாலையில மெஷின்களைக் கட்டுப்படுத்துறவனுக்கு உள்ளே எத்தனை சிப்னு என்ன கவலை?

ரேக்மாஸ்டர்:
ஐயா, அக்கறை சீரமைப்பவனுக்கு இருக்க வேண்டும். 11/34-இல் ஒரு 74 வரிசை சிப் போனால் அதே சிப் இன்றும் கிடைக்கும். எந்தச் சிப் போனது என்று சர்க்யூட் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எஃப்-11 செத்தால் இன்னொரு கார்டிலிருந்து பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதற்குப் பெயர் சீரமைப்பா? அதற்கு எஸ்ஐஎம்எச் எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஓட்டிவிட்டுப் போகலாம், மின்கட்டணமாவது மிஞ்சும்.

சாலிடர்கவி:
நான் வேலை செய்வது சிப்களோடுதான். அதனால் சொல்கிறேன், மெஷினை உயிரோடு வைத்திருப்பதுதான் சீரமைப்பு. ஆளுயர ரேக்கை லிஃப்டில் ஏற்றி நாலறை வீட்டில் வைக்க எல்லோராலும் முடியாது. 11/23 மேசைக்கு அடியில் நிற்கும். சிங்கப்பூரில் இந்தப் பொழுதுபோக்கு நிலைக்க வேண்டுமென்றால் க்யூபஸ் மெஷின்களால்தான் நிலைக்கும். எமுலேட்டரை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆன் செய்யும் அந்த நொடியில் பஸ்ஸில் என்ன நடக்கிறது என்பதை அது கற்றுத்தராது. குமரன் மாட்டியிருப்பது சரியாக அங்கேதான்.

தோபாயோ_தாத்தா:
இந்த ஊருக்கும் மினிகம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு பழசு. எச்பி 1970ல இங்கே கடை விரிச்சப்ப ஆரம்பிச்ச வேலையே கோர் மெமரி கோர்க்கிறதுதான். கண்ணுக்கே தெரியாத காந்த வளையத்துக்குள்ள கம்பியை நுழைச்சு நுழைச்சு, ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். அந்தக் கைகளோட வேலையை இங்கே யாரும் பேசறதில்லை.

ஆக்டல்777:
தாத்தா, இது தனி இழையா போடுங்க, எல்லாரும் படிக்கணும்.

தெம்பனிஸ்_குமரன்:
ஏஏ2: 5.02. ஏடி2: 12.1. பிஏ1: 3.4.

ரேக்மாஸ்டர்:
3.4 என்றால் டிசிஓகே ஹையில் இருக்கிறது. அங்கே குறை இல்லை. சிபியு கார்டு போய்விட்டது.

சாலிடர்கவி:
கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குமரன்! 3.4 என்பது பஸ்ஸின் டெர்மினேஷன் அந்தக் கோட்டை இழுத்து வைக்கும் அளவு. அந்தக் கோட்டை யாரும் கையாளவில்லை என்றாலும் இதே அளவுதான் காட்டும். இப்போது ஹையில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. எப்போது ஹை ஆனது என்பதுதான் முதல் கேள்வி.

டெக்கின் சொந்த சப்ளை 5-ம் 12-ம் ஏறி நிலைக்கும்வரை டிசிஓகேயைக் கீழே பிடித்து வைத்திருக்கும். அது கீழே இருக்கும்வரை சிபியு ரீசெட்டிலேயே இருக்கும். வோல்டேஜ் நிலைத்த பிறகு அதை விடும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து பிஓகேயை (மெயின் மின்சாரம் சரி என்று சொல்லும் கோடு), அதாவது பிபி1-ஐ (BB1) விடும். அதற்குப் பிறகுதான் சிபியு தன் முதல் வேலையைத் தொடங்கும். உங்கள் புது சப்ளைக்கு இந்தக் கோடுகள் இருப்பதே தெரியாது. அதனால் 5 வோல்ட்டோடு சேர்ந்து டிசிஓகேயும் ஏறிவிடுகிறது. சிபியு சரியாக ரீசெட் ஆகாமல் ஏதோ ஒரு நிலையில் விழித்துக்கொள்கிறது. எப்பவாவது வரும் அந்தக் கோணல் எழுத்து அதைத்தான் காட்டுகிறது. உண்மையிலேயே செத்த கார்டு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சும்மா இருக்கும்.

செய்ய வேண்டியது: பிஏ1-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு பட்டன் சுவிட்ச். ஏபி1-ஐ (AP1, சிபியுவை நிறுத்தும் ஹால்ட் கோடு) கிரவுண்டோடு கட்டிவிடுங்கள். அப்போது சிபியு கார்டின் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சின்ன இணைப்பு) எப்படி இருந்தாலும் நேராக ஓடிடிக்கு (@ குறி காட்டிக் கட்டளை கேட்கும் சிபியுவின் உள் நிரல்) போகும். பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து, ஒரு நொடி பொறுத்து விடுங்கள்.

@ வந்தால் 1000/ என்று அடியுங்கள். ஆறு இலக்க ஆக்டல் எண் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும்) வரும். 123456 அடித்து ரிட்டர்ன் தட்டி, மறுபடி 1000/ கேட்டால் அதே எண் வர வேண்டும். கேள்விக்குறி வந்தால் அந்த முகவரியில் மெமரி பதில் சொல்லவில்லை.

ஆக்டல்777:
ஸ்லாட் வரிசையையும் மாத்திடுங்க.

சாலிடர்கவி:
ஓடிடிக்கு இன்டரப்ட் தேவையில்லை, கன்சோல் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தே வேலை செய்யும். அதனால் @ வராததற்கு அது காரணமில்லை. ஆனால் ஆக்டல் சொன்ன ஓட்டை உண்மை. ஆர்டி-11 ஏற்றும் நாளில் அது காலை வாரும். மெமரியை முதல் வரிசையின் வலது பக்கத்துக்கும், சீரியலை அதற்கு நேர் கீழேயும் மாற்றுங்கள். மெயினை அணைத்துவிட்டு.

தெம்பனிஸ்_குமரன்:
@ வந்துடுச்சு!!! பட்டனை விட்ட உடனே. 1000-ல 123456 நிக்குது. கவிக்கா, ரொம்ப நன்றி. நண்பர்களுக்கு ஃபோன் பண்ணப் போறேன்.

ஜூரோங்வாசி:
நல்ல சேதி. ஆனாலும் டேன்டலம் மேல ஒரு கண் இருக்கட்டும்.

நைட்ஷிஃப்ட்:
நானும் இதே மாதிரி புது சப்ளையில ஓட்டுறேன், ஆர்டி-11 ஏறுது. ஆனா நேரம் செட் பண்ணினா அங்கேயே நிக்குது, நகரவே மாட்டேங்குது. இதுவும் அந்த சப்ளை விவகாரமா?

சாலிடர்கவி:
ஆமாம். கடிகாரத் துடிப்பையும் டெக் சப்ளைதான் மெயின் மின்சாரத்திலிருந்து எடுத்து பிஆர்1-க்கு (இவென்ட் கோடு) தரும். புது சப்ளை தராது. சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் துடிப்பை உண்டாக்கி, ஓப்பன் கலெக்டர் (கோட்டைக் கீழே இழுக்க மட்டும் செய்யும்) டிரான்சிஸ்டர் வழியாக அந்தக் கோட்டில் கொடுங்கள். உங்கள் ஆர்டி-11 அமெரிக்கப் பிரதி என்றால் 60 ஹெர்ட்ஸ் கொடுங்கள். நம் மின்சாரத்தின் 50-ஐ அப்படியே கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் கடிகாரம் 50 நிமிடம்தான் ஓடியிருக்கும்.

ரேக்மாஸ்டர்:
டிசிஓகே, பிஓகே இரண்டையும் அதே மைக்ரோகன்ட்ரோலரில் செய்துவிடலாம், பட்டன் தேவைப்படாது. அணைக்கும்போது முதலில் பிஓகே விழ வேண்டும், பிறகுதான் டிசிஓகே. அந்த இடைவெளியில்தான் சிபியு 24-ஆம் முகவரி காட்டும் இடத்துக்குத் தாவி, எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்த முடியும். டிஸ்க் இணைக்கப் போகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

நைட்ஷிஃப்ட்:
படம் வரைஞ்சு போடுறேன், சரிபார்த்துச் சொல்லுங்க.