சென்னையில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு: முதன்முறை சேர்பவர் எதைப் பார்த்துச் சேர வேண்டும்?

மேடவாக்கம்_வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் சேர நினைக்கிறேன். எனக்கு வயது 34, எடை 52 கிலோ. பெருங்குடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். பள்ளி நாட்களில் இரண்டு ஆண்டு கராத்தே பயின்றதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஓரிடம் இருக்கிறது. ஆனால் அங்கே கற்பிப்பவர், பிளாக் பெல்ட்டுக்கு இரண்டு படி கீழான பர்ப்பிள் பெல்ட் நிலையில்தான் இருக்கிறார். பலரும் புகழும் இன்னோரிடம் அண்ணா நகரில் உள்ளது. மூன்றாவதாக நான் விசாரித்த இடத்தில், ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே செலுத்தினால் இரண்டே ஆண்டில் பிளாக் பெல்ட் வாங்கிவிடலாம் என்றார்கள். வகுப்பில் பெரும்பாலும் ஆண்களே இருப்பார்கள் என்பதும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீலப்பட்டை:
வணக்கம். அந்த மூன்றாவது இடத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்-இன் விதிப்படி, பெரியவர்கள் பொதுவாக நீலப் பட்டையில் 2 ஆண்டு, பர்ப்பிளில் 18 மாதம், பழுப்பில் ஓராண்டு இருந்தாக வேண்டும். தொடக்கத்தில் வெள்ளைப் பட்டையில் கழியும் காலம் இதில் சேராது. நடைமுறையில் பிளாக் பெல்ட் பெறப் பலருக்கும் பத்தாண்டு ஆகிறது. கராத்தேயில் தேர்வெழுதி நிறம் மாறிய பழக்கத்தை வைத்து இதை அளக்காதீர்கள். பர்ப்பிள் பெல்ட் என்பது பல ஆண்டு உழைப்பு, தொடக்கநிலையினருக்குக் கற்பிக்க அது தாராளமாகப் போதும்.

அந்தப் பயிற்சியாளருக்குப் பட்டை தந்தவர் யார் என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கலையில் அது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது. 1914இல் பிரேசிலுக்குச் சென்ற ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடாவிடம் கார்லோஸ் கிரேசி கற்றார். அவரும் அவர் தம்பி ஹீலியோவும் அதை வளர்த்தெடுத்தார்கள். இன்றும் பெரும்பாலான பயிற்சியாளர்கள் தங்கள் குருவழியைத் தெளிவாகச் சொல்வார்கள். சொல்லத் தடுமாறுபவரிடம் சேர வேண்டாம்.

தூரத்தைப் பொறுத்தவரை, அருகில் இருப்பதே என் தேர்வு. மாலை ஆறரை மணி வகுப்புக்குப் பெருங்குடியிலிருந்து அண்ணா நகர் போவதை முதல் மாதம் ஆர்வத்தில் செய்துவிடுவீர்கள். மூன்றாம் மாதம், மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமையில், போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவீர்கள். வாரம் இரண்டு நாள் தவறாமல் போகக்கூடிய இடமே உங்களுக்கு நல்ல இடம்.

வேளச்சேரி_அக்கா:
தங்கச்சி, நான் 38 வயதில் சேர்ந்தவள் என்பதால் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுவதும் பாருங்கள், குறிப்பாகக் கடைசி இருபது நிமிட ஸ்பாரிங்கை, அதாவது இருவர் இருவராக மோதிப் பழகுவதை. நான் முதன்முதலில் போன இடத்தில், வந்த அன்றே என்னை விட முப்பது கிலோ அதிகமுள்ள ஒருவரோடு இறக்கிவிட்டார்கள். விலா எலும்பு மூன்று வாரம் வலித்தது. இப்போது பயிலும் இடத்தில் முதல் மாதம் முழுக்க, விழுவதும், இடுப்பை நகர்த்தித் தப்பிப்பதும், கீழே படுத்தபடி கால்களால் எதிராளியைத் தடுக்கும் கார்டும்தான். கையை நீட்டி முழங்கையை நெருக்கும் பிடியான ஆர்ம்பாரில் நான் முதன்முறை சிக்கியபோது, முழங்கை நேராகி இழுபடத் தொடங்கிய நொடியில் எதிரில் இருந்தவரின் தொடையில் இருமுறை தட்டினேன், தோற்றேன், விடுங்கள் என்பதற்கான சைகை அது. அவர் அந்தக் கணமே விட்டுவிட்டு, வலித்ததா என்று கேட்டார். தட்டினால் உடனே விடுகிறார்களா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நுட்பம் இருந்தால் எடை ஒரு பொருட்டே இல்லை என்பார்கள். 1993இல் முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி அதைப் பெருமளவு நிரூபித்தார் என்பது உண்மைதான். ஆனால் இருவரும் புதியவர்களாக இருக்கையில் எடை வேலை செய்யும். இன்னாருடன் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைச் சொன்னால் முகம் சுளிக்கும் இடத்தில் இருக்காதீர்கள்.

ஈரத்துணி:
சேர்ந்தவுடன் விலை உயர்ந்த கி உடை (தடித்த பருத்தியில் தைத்த பயிற்சிச் சட்டையும் பேன்ட்டும்) வாங்க வேண்டாம். பல இடங்களில் முதல் சில வகுப்புகளுக்கு டி-ஷர்ட்டும் ஜிப் இல்லாத பேன்ட்டும் போதும். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், ஐப்பசி மழையில் அந்தத் தடித்த பருத்தி இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு போட்டால் நம் ஊர் வெக்கைக்குப் படர்தாமரை நிச்சயம். பாயைத் தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா என்று பாருங்கள்.

மேடவாக்கம்_வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் சனிக்கிழமை அருகில் உள்ள இடத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள்.

வேளச்சேரி_அக்கா:
மகிழ்ச்சி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்களையும் இறங்கச் சொல்லக்கூடும். நகங்களை வெட்டி, கம்மலைக் கழற்றிவிட்டுப் போங்கள்.