கயிற்றில் இழுவிசை ஏன் 20 நியூட்டன் இல்லை?

பொரியுருண்டை:
பதினோராம் வகுப்பு வீட்டுப்பாடம், ரெண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன். வழுவழு மேசை மேல் 3 கிலோ கட்டை, அதில் கட்டிய கயிறு விளிம்பில் உள்ள கப்பி வழியாக இறங்கி, நுனியில் 2 கிலோ கல் தொங்குகிறது. உராய்வு இல்லை, புவியீர்ப்பு முடுக்கம் 10. கல்லின் எடை 20 நியூட்டன், கயிறுதானே அதைத் தாங்குகிறது, அப்போ இழுவிசையும் 20 தானே? விடைப்பக்கத்தில் 12 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பழையகப்பி:
பிழை இல்லை தம்பி, 12 தான். "தாங்குகிறது" என்று எழுதினாய் பார், அங்கேதான் சறுக்கிவிட்டாய். கயிறு முழுசாகத் தாங்கினால் கல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே வேகம் கூடிக்கொண்டே இறங்குகிறது, அப்படியென்றால் மேலே இழுப்பது 20-க்குக் குறைவாகத்தான் இருந்தாக வேண்டும். மொத்தம் 5 கிலோவையும் ஓட வைப்பது அந்த 20 நியூட்டன் ஒன்றுதான், ஆகவே முடுக்கம் 4. இப்போது கட்டையை மட்டும் தனியாக வரைந்து பார். அதைக் கிடையாக இழுப்பது கயிறு மட்டுமே, 3 பெருக்கல் 4, 12. கல் பக்கம் சரிபார்த்தால் 20 கழித்தல் 12 எட்டு, 2 கிலோவுக்கு முடுக்கம் 4, பொருந்துகிறது. விசைப்படம் வரையாமல் சூத்திரத்தில் கை வைக்காதே, நானும் அந்த வயதில் அதைத்தான் செய்து மார்க்கை விட்டேன்.

வல்லைவெளி:
நான் யாழ்ப்பாணம். எங்கட புத்தகத்தில் நிறை என்றால் நீங்கள் எடை என்பது, நீங்கள் நிறை என்பதை நாங்கள் திணிவு என்போம், அதனால் முதல் தரம் வாசிக்கேக்க எனக்கும் தலை சுற்றியது. கயிற்றுக்கு நடுவில் ஒரு விற்றராசைக் (இழுவிசையைக் காட்டும் சுருள்வில் தராசு) கட்டுவதாக நினையுங்கோ. கட்டையைக் கையால் பிடித்திருக்கும்வரை 20 காட்டும், கையை விட்டவுடன் 12-க்கு இறங்கும் (தராசின் பாரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால்). கட்டை 300 கிலோ என்றால் கையை விட்டாலும் 20-ஐ ஒட்டியே நிற்கும், சில கிராம் என்றால் கிட்டத்தட்ட பூச்சியம்.

பொரியுருண்டை:
புரிந்தது, ரெண்டு பேருக்கும் நன்றி! அடுத்த கேள்வியில் அதே படம், ஆனால் மேசைக்கு உராய்வுக் குணகம் 0.7. உராய்வு 0.7 பெருக்கல் 30, அதாவது 21. 20-இல் 21 போனால் முடுக்கம் மைனஸ் 0.2 வருகிறது. கல் தானாக மேலே ஏறுமா என்ன?!

பழையகப்பி:
ஏறினால் சொல், நாம் கிணற்றுக்கு மோட்டாரே போட வேண்டாம். அந்த 21 என்பது உராய்வு போகக்கூடிய உச்சம், எப்போதும் அவ்வளவு இருக்கும் என்று யார் சொன்னது? நகராத கட்டையை எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவுதான் உராய்வும் எதிர்த்து நிற்கும். 5 நியூட்டனில் இழுத்தால் 5. இங்கே இழுப்பது 20, உச்சம் 21, ஆக கட்டை அசையாது, முடுக்கம் பூச்சியம், உராய்வு 20. முதலில் நகருமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்கு. குணகம் 0.2 என்று கொடுத்திருந்தால் உராய்வு 6, மீதி 14, முடுக்கம் 2.8, இழுவிசை 14.4.

பொரியுருண்டை:
அப்போ இந்த ரெண்டாவது கணக்கில் இழுவிசை 20-தானா?

பழையகப்பி:
ஆமாம். கல் தொங்குகிறது, இந்தத் தடவை கயிறு நிஜமாகவே தாங்குகிறது.