'லைவ்' என்பதற்கு 'வெள்ளோட்டம்' ஏன் என்றால்

அண்ணா,

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை, கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' முறைக்கு 'வெள்ளோட்டம்' என்று நான் தமிழாக்கியதற்கு நீங்கள் எழுதியது:

> 'நேரலை அமர்வு' என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. போன ஞாயிறு டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மடிக்கணினியில் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது, 11 போடலாமென்றால் அந்தப் பழைய பெட்டியில் அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, புதிது வாங்க அவருக்கு மனமும் இல்லை. பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொண்டு போய், "இது நேரலையில் ஓடும் பெரியம்மா, பிடிக்கிறதா என்று பாருங்கள்" என்றேன்.

"எந்தச் சேனலில்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நேரலை என்றால் எங்கோ நடப்பதை இங்கிருந்து பார்ப்பது. இதுவோ இணையமே இல்லாமல் அவர் மேசையில், அவர் கணினியின் நினைவகத்தில் ஓடுகிறது. 'முன்னோட்டம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அதுவும் சினிமா டிரெய்லராகிவிட்டது, வெறுமனே உட்கார்ந்து பார்க்கிற விஷயம்.

அப்புறம் சும்மா வாயில் வந்ததுதான்: "தேர் வெள்ளோட்டம் விடுவார்களே, அந்த மாதிரி." உடனே புரிந்துவிட்டது. வெள்ளோட்டத்தில் ஓடுவது அசல் தேர், அசல் வீதி, உற்சவர் மட்டும் இன்னும் ஏறவில்லை. இங்கேயும் ஓடுவது அசல் மின்ட். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டினால் எழுத்து வருகிறதா என்று எல்லாம் பார்க்கலாம், வட்டில் இருக்கும் நம் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, திரை கறுத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் படமெல்லாம் போச்சோ என்று நான்தான் ஒரு கணம் பதறினேன். "சாமிதான் ஏறவேயில்லையே" என்றார் பெரியம்மா. கரண்ட் வந்து பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் பழைய விண்டோஸ், படங்கள் எல்லாம் அப்படியே.

கோயில் சொல்லைக் கணினிக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கப்பலுக்கும் ரயிலுக்கும் அதே சொல்லைத்தானே பத்திரிகைகள் எழுதுகின்றன? எங்கள் தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தன் இயங்குதளத்துக்கு உபுண்டு என்று பெயர் வைத்தபோது அது டர்பனில் சூலு பேசுகிற எந்த வீட்டிலும் புழங்கிய சொல்தான், மனிதத்தன்மை என்று பொருள். வீட்டுச் சொல்லை எடுத்து வைத்ததால் யாரும் குழம்பவில்லை.

'பீட்டா'வோடு குழம்பும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 'சோதனைப் பதிப்பு' இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். இங்கே 'நிறுவல்' என்பதிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் முக்கியம், ஏனென்றால் மின்ட் வெள்ளோட்டத்தின் முகப்பிலேயே நிறுவும் ஐகானும் உட்கார்ந்திருக்கிறது. அதை அமுக்கி, வட்டை அழிக்கச் சம்மதமும் கொடுத்துவிட்டால் எந்தச் சாமியும் காப்பாற்றாது.

ஆக தொடக்க மெனுவில் 'வெள்ளோட்டம் பார்', 'நிறுவு' என்று இரண்டு வரி. பென்டிரைவிலேயே மாற்றங்களைச் சேமித்து வைக்கும் வகைக்கு 'சேமிப்பு வெள்ளோட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் ஒன்று சொல்லுங்கள் அண்ணா.