6174 காட்டினால் கணக்கு வருமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா தமிழ்வழிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு ஒரு பீரியட் 6174-க்குக் கொடுக்கலாம் என்கிறேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-ல் கண்டது. நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் போதும். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசை எண்ணைக் கழிக்கணும். வந்த விடையோடு மறுபடியும் அதே வேலை. ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும்.

3524-ஐ எடுத்தால்:
5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

வேலந்தாவளம்:
டீச்சர், இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நடுவில் கழித்தலில் தப்பினாலும் அந்தத் தப்பு விடை இன்னொரு தொடக்க எண்தானே? அதுவும் 6174-க்கே போய்ச் சேரும். கடன் வாங்கத் தெரியாத பிள்ளை "எனக்கும் வந்துருச்சு" என்று நோட்டை மூடிவிடும். தப்பை மூடி மறைக்கிற பயிற்சி எதற்கு?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் இலக்கக் கூட்டலை எழுதச் சொல்லணும். சரியான விடையில் அது 18 அல்லது 27 மட்டுமே. 3087, 8352, 6174 மூன்றுக்கும் 18. கடன் கொடுத்த இலக்கத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தால் விடை 10, 100, 1000 என்று கூடிப்போகும். அப்போது இலக்கக் கூட்டல் 9-இன் மடங்காகவே வராது. இடம் தெரிந்து திருத்தலாம்.

வேலந்தாவளம்:
கடன் வாங்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிற பிள்ளைக்கு? 7310 − 0137-க்கு 7227 என்று எழுதும். கூட்டல் 18, உங்கள் சோதனை கோட்டைவிட்டது. சரியான விடை 7173.

கோவிந்தாபுரம்:
அந்தத் தப்புக்கு அடையாளம் இருக்கிறது சார். அப்படிக் கழித்தால் விடை எப்போதும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும், 7227 போல. சரியான விடை அப்படி வருவது 5500 மாதிரி அபூர்வமான எண்களுக்குத்தான் (5445). அப்படி வந்தால் நின்று பார் என்று சொன்னால் போதும்.

ஆனால் டீச்சர், 6174-இல் தொடங்காதீர்கள். அது ஏன் வருகிறது என்று ஆறாம் வகுப்பில் காட்ட முடியாது, வித்தையாகவே நின்றுவிடும். மூன்றிலக்கத்தில் தொடங்குங்கள், 495 வரும். இதைக் கரும்பலகையிலேயே நிரூபிக்கலாம். பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 99-ஆல் பெருக்கினால் அதுவே விடை. நடு இலக்கம் அடிபட்டுப் போகும். ஆக மொத்தம் ஒன்பதே விடைகள்: 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891. ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பிள்ளைகளே அம்பு போடட்டும்.

099 → 891 → 792 → 693 → 594 → 495

198 போய் 792-இல் சேரும், 297 போய் 693-இல், 396 போய் 594-இல். 495 தன்னிடமே திரும்பும். தப்பிக்க வழியே இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். அதன்பிறகு இரண்டிலக்கம் கொடுங்கள். அங்கே நிற்காது, 81, 63, 27, 45, 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். "ஏன் இங்கே மட்டும்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

வேலந்தாவளம்:
அம்புப் படம் எனக்குச் சம்மதம், அது கணக்குதான். 6174-ஐ மட்டும் கடன் வாங்கிக் கழித்தல் கைவந்த பிறகே தொடணும் என்பதில் மாறமாட்டேன். இன்னொன்று, 110-இல் தொடங்கும் பிள்ளை 110 − 011 = 99 என்று எழுதும். அடுத்து 99 − 99 = 0, ஆட்டம் முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அதற்குக் கட்டம் போட்ட நோட்டு. எண்ணுக்கு மூன்று கட்டம், ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது. 099 என்றே எழுதினால் அடுத்த வரி 990 − 099 = 891.