பிளெண்டர் 5.0 கொலாடாவைக் கைவிட்டது சரியா?

ஹலசூர்வாசி:
முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரின் 5.0 பதிப்பு 2025 நவம்பரில் வந்தது. அதில், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு முப்பரிமாண உருவங்களைக் கொண்டுபோக உதவும் கொலாடா கோப்புகளைத் திறக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். சிலருக்குத்தானே தேவை, போகட்டும் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்திராநகரில் ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனத்தில் ரிக்கிங், அதாவது கதாபாத்திரங்கள் அசைய எலும்புக்கூடு பொருத்தும் வேலை, செய்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இன்றும் கதாபாத்திரங்களைக் கொலாடாவில்தான் அனுப்புகிறார். வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. முறுக்கு அச்சைத் தீபாவளிக்குத்தான் எடுக்கிறோம், அதற்காகத் தூக்கி எறிகிறோமா? பயனர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று பிளெண்டர் கணக்கெடுப்பதே கிடையாது. நல்ல கொள்கைதான். ஆனால் எது அரிது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மாரத்தஹள்ளி நிரலர்:
அண்ணா, அச்சு பரணில் சும்மா கிடக்கும். நிரல் அப்படிக் கிடக்காது. கொலாடா வசதி ஓபன்கொலாடா என்ற ஆயத்த நிரல் தொகுப்பை நம்பி இருந்தது. அதைப் பராமரிக்கப் பல ஆண்டுகளாக ஆளில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதை ஓடவைக்க யாராவது மெனக்கெட வேண்டும். பிழை என்று நீங்கள் புகார் எழுதினால் திருத்த ஒருவரும் வரமாட்டார். பயனர் குறைவு என்பதைவிடப் பராமரிப்பவர் இல்லை என்பதே காரணம். 2019-இல் 2.80 பதிப்பு வந்தபோது, விளையாட்டுகளை உருவாக்க உதவிய கேம் எஞ்சினையும் எடுத்தார்கள். வேண்டும் என்றவர்கள் மூல நிரலை எடுத்து யுபிபிஜிஇ என்று தனியாக வளர்க்கிறார்கள். பிளெண்டரின் திறமூல உரிமம் அதற்கு இடம் தருகிறது.

கோரமங்களா ஆசிரியை:
தம்பி, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது சரி. எங்கள் மாணவர்கள் ஓவியர்கள். அதே 2.80-இல், காட்சியை இறுதிப் படமாக்கித் தரும் பழைய இன்டர்னல் ரெண்டரரும் போனது. 2.79-இல் செய்த பாடக் கோப்பைத் திறந்தால் உருவம் அப்படியே நிற்கும். மெட்டீரியலில், அதாவது பரப்பின் தோற்றத்துக்கான அமைப்பில், செய்த வேலை பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொன்றையும் புதிதாக அமைக்க வேண்டும். இன்னொன்று, கிரீஸ் பென்சில் முதலில் காட்சியின் மேல் குறிப்பு கிறுக்கும் கருவியாகத்தான் வந்தது. அன்று அதைத் தொட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 2019-இல் ‘ஐ லாஸ்ட் மை பாடி’ என்ற பிரெஞ்சு முழுநீளப் படத்துக்கு அதுதான் கைகொடுத்தது. ஆள் கணக்குப் பார்த்து அதைத் தொடக்கத்திலேயே நீக்கியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம்?

மாரத்தஹள்ளி நிரலர்:
அக்கா, அந்த கிரீஸ் பென்சிலையே 2024-இல் 4.3 பதிப்புக்காக அடியோடு மாற்றி எழுதினார்கள். அதற்கான நேரம் வானத்திலிருந்து விழவில்லை. ஆளில்லாத பகுதிகளைச் சுமந்துகொண்டே போனால் இப்படிப்பட்ட வேலைக்குக் கை மிஞ்சாது. அண்ணாவுக்கு ஒரு வழி: நீண்டகாலம் ஆதரவு தரும் 4.5 எல்டிஎஸ் பதிப்பில் கொலாடா இருக்கிறது, 2027 ஜூலை வரை அதற்குத் திருத்தங்கள் வரும். அதில் திறந்து பிளெண்டர் கோப்பாகவே சேமித்து, 5.0-இல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎல்டிஎஃப் என்ற இன்னொரு முப்பரிமாணக் கோப்பு வடிவம் வழியாக மாற்ற வேண்டாம்.

ஹலசூர்வாசி:
ஜிஎல்டிஎஃப் வழியில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். கையைத் தூக்கும் அசைவுக்கு இரண்டே கீஃப்ரேம்கள், அதாவது அசைவின் நிலையைக் குறித்துவைக்கும் புள்ளிகள், இருந்தன. மாற்றியதும் வினாடிக்கு 24 என்று வரிசை கட்டி நின்றன. வளைகோட்டை இழுத்து அசைவை மென்மையாக்கப் பிடி எதுவும் மிச்சமில்லை. 4.5 வழியைச் செய்கிறேன், நன்றி. ஆனால் 2027 ஜூலைக்குப் பிறகு? பிளெண்டரோடு கூடவே வந்துகொண்டிருந்த துணைநிரல்கள் பலவற்றை 4.2 பதிப்பில், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளும் நீட்சித் தளத்துக்கு மாற்றினார்களே, கொலாடாவுக்கு அந்த மரியாதை ஏன் இல்லை?

மாரத்தஹள்ளி நிரலர்:
அவை பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியவை, பெயர்த்து வைக்க முடிந்தது. கொலாடா வசதி சி++ மொழியில் பிளெண்டரின் உள்ளேயே இருந்தது. நீட்சியாக வேண்டுமென்றால் பைத்தானில் புதிதாக எழுத வேண்டும். எலும்புக்கூட்டை வாசிக்கும் பகுதியை நான் எழுதித் தருகிறேன். மாதிரிக் கோப்பு அனுப்புங்கள்.

ஹலசூர்வாசி:
வாடிக்கையாளரின் கோப்பை வெளியே தர முடியாது. அதே எலும்பு அமைப்பில் ஒரு பொம்மை செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். இருந்தாலும் தம்பி, எனக்கு நீங்கள் கிடைத்தீர்கள். யாரும் கிடைக்காத நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: மாற்று வழி தயாரான பிறகு எடுத்திருக்கலாம்.